ஹீரோவை விடுங்கள், வில்லனைப் பாருங்கள்

துப்பாக்கிச் சண்டைக்குத் திமிங்கில ஈட்டியைத் தூக்கிக்கொண்டு வரும் ஹீரோவைப் பார்த்ததுண்டா? "டெர்ரர் இன் எ டெக்ஸாஸ் டவுன்" (1958) என்ற கௌபாய் படத்தில் வருகிறார். ஜோசப் எச். லூயிஸ் இயக்கிய கடைசி சினிமா. சின்ன பட்ஜெட், கறுப்பு வெள்ளை. தெருவில் கூட்டம் சேர்க்கக்கூட காசில்லை போலிருக்கிறது!

ஹீரோ ஸ்டெர்லிங் ஹேடன், அப்பாவைத் தேடி வரும் ஸ்வீடன் மாலுமி. நிஜ வாழ்க்கையிலும் அவர் மாலுமிதான். ஆனால் அந்த ஸ்வீடன் உச்சரிப்பு... சரி, விடுங்கள். படத்தைத் தாங்குவது மற்றவர்கள்தான்.

நிலத்துக்கு அடியில் எண்ணெய் இருப்பது தெரிந்து ஊரையே வளைக்கப் பார்க்கும் பணக்காரர் செபாஸ்டியன் கபோட். டிஸ்னியின் "ஜங்கிள் புக்"கில் (1967) பகீராவுக்குக் குரல் கொடுத்தாரே, அவரேதான். குரலை உயர்த்தாமலே பயமுறுத்துகிறார்.

அவருடைய அடியாள் ஜானி கிரேல். முழுக்கக் கறுப்பு உடை, ஒரு கை இரும்பு. நெட்ரிக் யங் என்ற அதிகம் பேசப்படாத நடிகர். கத்தல் இல்லை, முறைப்பு இல்லை. வேலை அலுத்துப்போன குமாஸ்தா மாதிரி கொலை செய்கிறார். ஹீரோவின் அப்பாவை இவர் சுட்டதைப் பக்கத்து நிலத்து மெக்சிகன் விவசாயி மிராடா பார்த்துவிடுகிறார். குடும்பத்தை நினைத்து முதலில் வாய் திறப்பதில்லை. பிறகு சொல்லிவிடுகிறார். கிரேல் அவரைத் தேடி வருகிறான்.

படத்தின் உயிரே இந்த இடம்தான். மிராடாவாக நடித்த விக்டர் மில்லன் கெஞ்சவுமில்லை, வசனம் பேசி வீரம் காட்டவுமில்லை. பயமில்லாமல் நிற்கிறார், அவ்வளவுதான். சுட்டுவிட்டு வந்த பிறகு கிரேல் ஆடிப்போய்விடுகிறான். சாகப் பயப்படாத ஒருவனை அதுவரை அவன் பார்த்ததே இல்லை. அதை யங் சொல்லும் விதத்தைப் பாருங்கள்... வில்லன் தோற்பது அங்கேதான், ஈட்டியெல்லாம் பிறகுதான்.

இதற்குப் பின்னால் இன்னொரு கதை உண்டு. கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த காலம் அது. யங் 1953ல் விசாரணைக் குழுவுக்குப் பதில் சொல்ல மறுத்து, ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் சேர்ந்தவர். எழுத்தாளர் டால்டன் ட்ரம்போ 1950ல் சிறைக்கே போனவர். இந்தப் படத்தில் அவர் பெயர் வராது, பென் பெர்ரி என்ற வேறொருவர் பெயர்தான் வரும். ஹேடனோ 1951ல் அதே குழுவின் முன் தெரிந்தவர்களின் பெயர்களைச் சொன்னவர். 1963ல் வந்த சுயசரிதையில் அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டார்.

இதைத் தெரிந்துகொண்டு கடைசிச் சண்டையை மறுபடி பாருங்கள். கிட்டே வா, கிட்டே வா என்று கூப்பிடுபவர் யங். ஈட்டியோடு நடந்து வருபவர் ஹேடன்.