மஞ்சள் ஸ்டிக்கர்

“ஏங்கண்ணு, உங்கப்பன் கடைய வித்துப்போட்டானா?”

மூணாவது செமஸ்டர் லீவில் கல்லாவில் உட்கார்ந்து போன் நோண்டிக்கிட்டிருந்த என்கிட்ட ஒரு அம்மாயி கேட்ட கேள்வி இது. சேந்தமங்கலத்துக்காரங்க. ஆஞ்சநேயரைக் கும்பிட நாமக்கல் வந்தவங்க, மனசு கேக்காம எங்க கடைக்கும் ஒரு எட்டு வந்திருக்காங்க. பையிலிருந்து எங்க கடலெண்ணெய் பாக்கெட் ஒண்ணை எடுத்து மேசை மேல வெச்சாங்க. வெள்ளையும் பச்சையுமா, நடுவுல ஒரு இலை. நான் டிசைன் பண்ணின பாக்கெட்.

“மஞ்சக் காயிதம் ஒட்டுனது தான உங்குளுது? எங்கூரு கடைக்காரன் இதையக் குடுத்து, அதே எண்ணெய்தான்னான். நான் நம்பல. ரெண்டு மாசமா வேற எண்ணெய் வாங்கறேன்.”

“விக்கல அம்மாயி. எண்ணெய் அதேதான். அட்டையை மட்டும் மாத்தியிருக்கோம்.”

“எதுக்குச் சாமி?”

அந்த “எதுக்கு”க்கு என்கிட்ட பதில் இல்லை. ‘பழசு நல்லால்ல’ன்னு சொல்லலாம். ஆனா படிக்கத் தெரியாத அவங்களுக்கு அந்தப் பழசுதான் எங்க கடையோட பேர். அதை நான்தான் அழிச்சிருக்கேன்.

கதையைக் கொஞ்சம் முன்னாடியிருந்து சொல்றேன். எங்களுக்கு மோகனூர் ரோட்டுப் பக்கம் மரச்செக்கு எண்ணெய்க் கடை. அப்பா பல வருஷம் நேஷனல் பர்மிட் லாரி ஓட்டினவர். முதுகுவலி வந்ததும் ஸ்டியரிங்கை விட்டுட்டு, கையிலிருந்த காசையும் கொஞ்சம் கடனையும் போட்டு ஒரு வாகை மரச்செக்கை வாங்கிப் போட்டார். பாட்டி பேரைக் கடைக்கு வெச்சார். (பேரை இங்க எழுதல. விளம்பரம்னு ஆசிரியர் குழு வெட்டிடும்.) அந்தப் பேர்ல ஒரு ‘ழ’ இருக்குங்கறதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

முதல் ஸ்டிக்கர் அப்பாவே அச்சுக்கடையில் உட்கார்ந்து போட்டது. மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து, மூலையில் ஒரு செக்கு படம். பார்க்க அரதப்பழசா இருக்கும். நான் காலேஜ் சேர்ந்து, டெக் ஃபெஸ்ட்டுக்கு போஸ்டர் போட்டுப் போட்டு, கேன்வாவில் கை பழகினதும் அந்த மஞ்சளைப் பார்க்கவே கூச்சமா இருந்துச்சு. முதல்ல வாட்ஸ்அப் படத்தை மாத்தினேன். அப்புறம் இன்ஸ்டாவுக்கு வேற ஒரு லோகோ. பொங்கலுக்கு ஒரு ஃப்ளெக்ஸ், அதுக்கு இன்னொண்ணு. கடைசியா பாக்கெட்டு. அப்பா ஒவ்வொரு தடவையும் “நீ படிக்கிறவன், உனக்குத் தெரியும்”னு விட்டுட்டார். அந்த நம்பிக்கைதான் இப்ப நினைச்சா உறுத்துது.

அம்மாயி போனதும் ஒரு நோட்டு எடுத்து, ஒரு வாடிக்கையாளர் எங்க கடையை எங்கெல்லாம் பார்க்கிறார்னு எழுதினேன். போர்டு, பாக்கெட், டின் மூடி, பில் புக், கியூஆர் அட்டை, வாட்ஸ்அப், இன்ஸ்டா, கூகுள் மேப், அப்பாவோட டிவிஎஸ் எக்ஸெல்ல கட்டின தகரம், துணிப்பை. மொத்தம் பத்து இடம். பத்துலயும் சேர்த்து அஞ்சு விதமான நிறம். ஆங்கிலத்துல பேரு மூணு விதம்: போர்டுல ‘ழ’வுக்கு ‘இசட்-எச்’, பில்லுல வெறும் ‘எல்’, இன்ஸ்டாவுல ஸ்டைலுக்காக நான் போட்ட ‘இசட்’. கூகுள் மேப்ல எங்களுக்கு ரெண்டு புள்ளி. பழைய வாடகைக் கடையோட புள்ளிக்குக் கீழே ‘நிரந்தரமாக மூடப்பட்டது’ன்னு இருந்துச்சு. பில்லுல இருக்கிற எழுத்தை அடிச்சுத் தேடினா அந்த மூடின கடைதான் முதல்ல வருது. கியூஆரை ஸ்கேன் பண்ணினா கடைப் பேரே வராது, அப்பாவோட பேர் வரும். புதுசா வர்றவங்க “இது யாருங்க?”ன்னு ஒரு நிமிஷம் தயங்கறதை நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கேன். அது ஒரு பிரச்சினைன்னு அப்பல்லாம் தோணல.

சந்தேகத்தோட வந்து கேட்டவங்க ஒருத்தர். கேட்காமலே வேற பாக்கெட்டுக்குப் போனவங்க எத்தனை பேர்? அதுக்குக் கணக்கே கிடையாது. அந்த ரெண்டு மாசத்துல வெளிக்கடை விற்பனை குறைஞ்சிருந்ததை அப்பா கவனிச்சிருக்கார். கடலை விலை ஏறினதால இருக்கும்னு அவரே ஒரு சமாதானம் சொல்லிக்கிட்டார்.

அன்னிக்கு ராத்திரி நோட்டைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார்னு நினைச்சேன். அவர் லாரிக் கதைக்குப் போயிட்டார்.

“நாக்பூர் தாண்டி ராத்திரியில நம்மூரு வண்டி எதிர்ல வரும். டிஎன் 28-ஆ, 34-ஆன்னு அந்த வெளிச்சத்துல நம்பரைப் படிக்க முடியாது. நெத்தி போர்டு, அதுல எழுதற எழுத்து, ஓரத்துல போடற கோடு, இதை வெச்சே இன்னார் வண்டின்னு தெரியும். ஆரன் அடிப்போம். என் ஓனருக்கு ஆறு வண்டி. ஆறும் ஒரே பெயிண்டர் கை. ஒரு வண்டி அடிபட்டு பாடி மாத்தினப்பக்கூட, அதே எழுத்து வர்ற வரைக்கும் ரோட்டுக்கு விடல.”

லாரி பாடி கட்டுறதுக்கு இந்தியா முழுக்கப் பேர் வாங்கின ஊர்ல பிறந்து, இதை நான் ஒரு நாளும் யோசிச்சதில்லை. பக்கத்துல திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகளும் அப்படித்தான். எந்த மாநிலத்துல நின்னாலும், நிறத்தையும் பேர் எழுதின விதத்தையும் பார்த்தே யார் வண்டின்னு நம்மாளுங்க சொல்லிடுவாங்க.

ஆவின் பாலையே எடுத்துக்கோங்க. சமன்படுத்திய பால் நீலம், நிலைப்படுத்திய பால் பச்சை, நிறை கொழுப்பு ஆரஞ்சு. வீட்டுல யாராவது கொழுப்பு சதவீதம் சொல்லி வாங்கறாங்களா? “ரெண்டு பச்சை, ஒரு நீலம்”னுதான் கேக்கறோம். புள்ளி போட்ட கவுன்ல இருக்கிற அமுல் பாப்பா 1966-ல வந்தது. ஊர்ல நடக்கிறதை வெச்சு விளம்பர வாசகம் மாறிக்கிட்டே இருக்கு, பாப்பா மாறல. எது மாறலாம், எது மாறக்கூடாதுன்னு அவங்க தெளிவா இருக்காங்க. நான் ரெண்டையும் குழப்பிக்கிட்டேன்.

சரி, என்ன பண்ணினோம்? வீட்டுல கடை வெச்சிருக்கிற நண்பர்களுக்கு உதவும்னுதான் இதை எழுதறேன்.

முதல்ல பேர். ஆங்கிலத்துல ‘இசட்-எச்’தான்னு முடிவு பண்ணினோம். கடைப் பேர்ல நடப்புக் கணக்கு ஆரம்பிக்க பேங்குக்குப் போனா, கடைப் பேர்ல ரெண்டு சான்று கேட்டாங்க. உத்யம் சான்றிதழ்ல ஒரு எழுத்து, எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சான்றிதழ்ல வேற எழுத்து. திருப்பி அனுப்பிட்டாங்க. தப்பு எங்க மேலதான். திருத்தம் போட்டு, ரெண்டும் ஒண்ணான பிறகு கணக்கு கிடைச்சுது. இப்ப ஸ்கேன் பண்ணினா கடைப் பேர் வருது. பாக்கெட்டுல 14 இலக்க உரிம எண்ணுக்குப் பக்கத்துல இருக்கிற பேரும், பில்லுல இருக்கிற பேரும் அதேதான். அடுத்தது டிரேட்மார்க். சமையல் எண்ணெய் 29-வது வகுப்புல வரும். பதிவு கிடைச்சா பத்து வருஷத்துக்குச் செல்லும், அப்புறம் புதுப்பிச்சுக்கலாம். அப்பா “பார்க்கலாம்”னு சொல்லியிருக்கார்.

அடுத்து எழுத்து. நான் யூனிகோட்ல டைப் பண்ணி அனுப்பறதை அச்சுக்கடையில் பாமினி ஃபாண்ட்டுக்கு மாத்துவாங்க. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமா போயிடும். ஒவ்வொரு தடவையும் அவங்ககிட்ட இருக்கிற ஏதோ ஒரு ஃபாண்ட்ல பேர் வரும். இப்ப பேரை எழுத்தா அனுப்பறதில்லை. அவுட்லைனா மாத்தின வெக்டர் பைலா அனுப்பறோம். ஃப்ளெக்ஸுக்குப் பெரிசாக்கினாலும் உடையாது.

அப்புறம் நிறம். போன் திரை ஒளியால நிறம் காட்டுது, அச்சு மையால காட்டுது. திரையில பளிச்சுன்னு இருக்கிற மஞ்சள் ஃப்ளெக்ஸ்ல மங்கிப்போகும். அதனால அச்சுக்கு சிஎம்ஒய்கே எண்களைக் குறிச்சு வெச்சோம். அதோட பழைய ஸ்டிக்கர் ஒண்ணையும் அச்சுக்கடைக்காரர் கையில் குடுத்து, “இதோட ஒத்துப்போகணும்”னு சொல்லிட்டோம். எண்ணை விட அந்தத் துண்டுதான் நல்லா வேலை செய்யுது.

கடைசியா ஒரே ஒரு ஏ4 தாள். பேரு, நிறம், செக்கு படம், போன் நம்பர். லேமினேட் பண்ணி கல்லாவுக்கு மேல ஒட்டியிருக்கோம். அச்சுக்கடை, போர்டு எழுதறவர், நான், யாரா இருந்தாலும் அதைப் பார்த்துட்டுத்தான் கை வைக்கணும். செக்கு படத்தை மட்டும் கொஞ்சம் சுத்தமா வரைஞ்சு குடுத்தேன். அப்பா ரொம்ப நேரம் பார்த்துட்டு, “மாடு மட்டும் இல்ல”ன்னார். எங்க செக்கு மோட்டார்ல ஓடறது. ஆனா பழைய படத்துல மாடு இருந்துச்சு. மாட்டைத் திரும்பச் சேர்த்தேன்.

ஒரு வேலை பாக்கி இருக்கு. அந்தப் பச்சை பாக்கெட்டு சிலிண்டர் போட்டு அச்சடிச்சது, ஆயிரக்கணக்குல எடுத்தாத்தான் கட்டுப்படியாகும்னு மொத்தமா வாங்கினோம். இன்னும் நாலு மூட்டை இருக்கு. “தூக்கிப் போட நமக்குக் கட்டாது”ன்னு அப்பா சொல்லிட்டார். அதனால வாரக் கடைசியில் ஊருக்கு வந்தா, அம்மாவும் நானும் உட்கார்ந்து அந்த இலை மேல மஞ்சள் ஸ்டிக்கரை ஒவ்வொண்ணா ஒட்டறோம்.

முதல் நாள் ஒட்டினதுல ஒரு பெட்டியை சேந்தமங்கலம் கடைக்கு நானே எக்ஸெல்ல கொண்டு போய்க் குடுத்தேன். அம்மாயி வீடு எதுன்னு கேட்டேன், அவங்க காட்டுக்குப் போயிருந்தாங்க. ஒரு பாக்கெட்டை மட்டும் எடுத்து, மஞ்சள் முகம் ரோட்டுப் பக்கம் தெரியற மாதிரி முன்வரிசையில் வெச்சுட்டு வந்தேன்.