பனங்களியும் பற்றீரியாவும்

வடமராட்சியின் கரவெட்டியில் 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தை வாழ்ந்து கடந்தோர் பனம்பழத்தை உணவாக மட்டும் அறிந்தவரல்லர். சவர்க்காரம் கிடைத்தற்கரிய பொருளானபோது, கிணற்றடியில் பனங்களியைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தனர். முன்னோர் கையாண்டு, பின்னர் அருகிப்போன அம்முறையைத் தேவை மீட்டுத் தந்தது. களியில் நுரையெழுப்புவன சபோனின்கள் எனும் சேர்வைகளாகும். அவற்றின் மூலக்கூற்றில் ஒரு பகுதி நீரை நாடும். மறுபகுதி எண்ணெயை நாடும். இவ்விரட்டை இயல்பினால் நீரின் மேற்பரப்பிழுவிசை குறைய, அழுக்குத் துணியை விட்டு நீங்குகிறது.

பனை செய்யும் இத்தொழிலை நுண்ணங்கிகளும் செய்கின்றன. பசிலசு சப்டிலிசு என்னும் பற்றீரியா ஆக்கும் சர்பக்ரின் 1968இல் யப்பானில் கண்டறியப்பட்டது. நீரின் மேற்பரப்பிழுவிசையை மீற்றருக்கு 72 மில்லிநியூற்றனிலிருந்து ஏறத்தாழ 27 ஆகக் குறைக்க அதன் சிறிதளவே போதும். சூடோமோனாசு ஏருஜினோசா ஆக்கும் இராம்னோலிப்பிட்டும் இவ்வகையினதே. இவை இயற்கையில் எளிதிற் சிதைவடைவன. எனினும், பெற்றோலியத்திலிருந்து ஆக்கப்படும் செயற்கைப் பொருள்களை இவை வெல்லாமைக்குக் காரணம் விலையேயாகும். பற்றீரியா தன் தேவைக்காகவே இவற்றை ஆக்குகிறது. இராம்னோலிப்பிட்டோ, கலங்கள் பெருகி நெருங்கியபின் அவை தமக்குள் பரிமாறும் இரசாயனச் சைகைகளின் பேரிலேயே பெருமளவில் ஆக்கப்படுகிறது. அன்றியும், ஏருஜினோசா புண்களிலும் நுரையீரலிலும் தொற்றும் நோய்க்கிருமியாகும்.

பிறப்புரிமைப் பொறியியல் இத்தடைகளைத் தனித்தனியே அணுகுகிறது. கொழுப்பமில அலகுகளை இணைக்கும் நொதியத்துக்குரிய பரம்பரையலகையும், அவ்விணைப்புடன் இராம்னோசு வெல்லத்தைச் சேர்க்கும் நொதியத்துக்குரிய பரம்பரையலகையும் சூடோமோனாசு பியூற்றிடா என்னும் தீங்கு குறைந்த இனத்துக்கு மாற்றி, அதனை இராம்னோலிப்பிட்டு ஆக்கச் செய்யலாம் என 1990களில் காட்டப்பட்டது. தூண்டற் பகுதியை மாற்றினால், கலங்கள் நெருங்கும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஆய்வுகூடங்களிற் பெரிதும் பயிலும் சப்டிலிசு 168 என்னும் குலவகை சர்பக்ரினை ஆக்கும் பொறியனைத்தும் பெற்றிருந்தும், ஒரேயொரு பரம்பரையலகின் பழுதினால் அதனை ஆக்குவதில்லை. பழுதற்ற பிரதியைப் புகுத்தியதும் சர்பக்ரின் தோன்றிற்று.

ஆயினும், பரம்பரையலகு மட்டும் விலையைக் குறைத்துவிடாது. காற்றூட்டும்போது கலனை விட்டு நுரை பொங்கி வழியும். வளர்ப்பூடகத்திலிருந்து பொருளைப் பிரித்தெடுக்கச் செலவு மிகும். ஊட்டும் வெல்லத்துக்கும் விலையுண்டு.

இவற்றினும் பெரிய வினா, ஆக்கிய உயிரை எங்கு வைப்பது என்பதாகும். வங்காளத்திற் பிறந்த ஆனந்த மோகன் சக்கரவர்த்தி, மசகெண்ணெயின் பல கூறுகளைச் சிதைக்கவல்ல பற்றீரியாவை உருவாக்கினார். 1980இல் ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதற்குக் காப்புரிமை பெறலாம் எனத் தீர்த்தது. எனினும், சிந்திய எண்ணெயை அகற்ற அப்பற்றீரியா வெளியே விடப்படவில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை 2010களில் மக்களைப் பெரிதும் வருத்தியது. 2019இல் உயர் நீதிமன்றம் இழப்பீடு வழங்கப் பணித்தது. கரவெட்டியின் நன்னீர்ப்படுகை வேறாயினும், அதனைத் தாங்குவதும் வெடிப்பும் துளையும் மலிந்த சுண்ணாம்புக்கல்லே. வற்றாத ஆறற்ற இந்நிலத்தில் குடிநீருக்கும் தோட்டத்துக்கும் பெரிதும் கிணறே கதி. எண்ணெயைக் கரைக்கவென நுரைப்பொருளை நிலத்தில் ஊற்றினால், மண்ணிற் பற்றிக் கிடந்த எண்ணெய் நீருடன் இன்னும் ஆழம் செல்லக்கூடும். அங்கு விடப்படும் மாற்றியமைத்த பற்றீரியாவை மீள அழைக்கவும் இயலாது. ஆகவே, உயிர் மூடிய கலனுள்ளேயே இருத்தல் வேண்டும். தூய்மையாக்கிய பொருள் மட்டுமே வெளிவருதல் வேண்டும். மாசுற்ற மண்ணையும் அகழ்ந்தெடுத்து, கலனில் இட்டுக் கழுவுவதே தகும்.

அக்கலனுக்குரிய மலிவான வெல்லத்தை உதிர்ந்து வீணாகும் பனம்பழம் தருமா? களியின் சபோனின்கள் மதுவத்தின் வளர்ச்சியைத் தடுப்பதாக அறியப்பட்டுள்ளது. பியூற்றிடா அவற்றைத் தாங்குமா, அன்றித் தாங்குமாறு அதனை மாற்றியமைத்தல் வேண்டுமா என்பதை அறியப் பெருந்தொழிற்சாலை வேண்டியதில்லை. ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடமும் ஒரு பனங்காய்ப் பருவமும் போதும்.