மாற்றல் விண்ணப்பம்

ஆண்டுதோறும் மாற்றல் விண்ணப்பக் காலம் வரும்போது தலைமையாசிரியர் மனத்தில் ஒரு கலக்கம் எழுவது இயல்பு. எவர் போகப் போகிறார்? அவர்தம் வகுப்பை எவர் ஏற்பார்? தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் ஓர் ஆசிரியர் விலகினால் ஒரு வகுப்பே தாயைப் பிரிந்த கன்றுபோல் ஆகிவிடுகிறது. அவ்வேளையில் நாம் வேலைப் பளுவையும் தொலைவையும் காரணங்களாகக் கூறுகிறோம். அவை பொய்யல்ல. ஆயினும், முப்பது ஆண்டுக்காலப் பணியில் நான் கண்ட மற்றொரு காரணமும் உண்டு. அதனைத் தலைமையாசிரியர்கள் எந்த அறிக்கையிலும் எழுதுவதில்லை. ஏனெனில், அக்காரணம் நாமே.

பயிற்சிக் கல்லூரியை விட்டு வெளிவந்த எனக்கு 1993இல் செம்பனைத் தோட்டமொன்றின் நடுவே இருந்த சிறு பள்ளியில் முதற்பணி கிடைத்தது. மழை நாள்களில் செம்மண் பாதையில் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே செல்ல வேண்டும். ஆறாம் ஆண்டுக் கணிதம் என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. 1988இல் தொடங்கி 2021இல் நீக்கப்பட்ட யூ.பி.எஸ்.ஆர். தேர்வே அந்நாளில் தொடக்கப்பள்ளிகளை அளக்கும் கோலாக விளங்கிற்று. என் முதலாண்டில் தேர்வெழுதிய 14 மாணவருள் கணிதத்தில் தேறியவர் ஐவரே. வெட்கத்தாலும் அச்சத்தாலும் உறக்கமிழந்தேன். மாற்றல் விண்ணப்பத் தாளை நிரப்பிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

விளக்கம் கேட்க அதிகாரி ஒருவர் வந்தார். "கணித ஆசிரியர் யார்?" என்று வினவினார். நான் எழுவதற்குள் தலைமையாசிரியர் முந்திக்கொண்டார். "ஐயா, அனுபவமில்லாத இளைஞரிடம் ஆறாம் ஆண்டை ஒப்படைத்தவன் நான். குறை என்னுடையது. அடுத்த ஆண்டு நானும் அவரோடு வகுப்பில் நிற்பேன்" என்றார்.

சொன்னவாறே நின்றார். என் பிழையையும் அவர் மூடி மறைக்கவில்லை. தனியே அழைத்து, "தம்பி, பின்னம் உமக்குத் தெரிகிறது, பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. ஒரு ரொட்டியை வெட்டிக் காட்டிப் பாரும்" என்று திருத்தினார். பையிலிருந்த தாள் பையிலேயே கசங்கிப் போயிற்று. அப்பள்ளியில் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றினேன். பாதை செப்பனிடப்படவில்லை, வேலையும் குறையவில்லை. நீங்கியது அச்சம் ஒன்றே.

இத்தகைய பாடத்தைக் கற்ற நானே அதனை மறந்த கதையையும் இங்குக் கூறுதல் வேண்டும்.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பிள்ளைகள் வீட்டிலிருந்தே பயில வேண்டியதாயிற்று. அப்போது நான் தலைமையாசிரியர். இணைய வகுப்பில் எத்தனை மாணவர் கலந்துகொண்டனர் என்று கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. எங்கள் பள்ளியில் இளம் ஆசிரியை ஒருவர், 22 மாணவருள் ஏழு பேர் என்று எழுதி அனுப்பினார். மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைப்பேசி. அதனையும் தந்தை வேலைக்கு எடுத்துச் சென்றுவிடுவார். அவ்வீடுகளின் நிலையை நானும் அறிவேன். அறிந்திருந்தும், "எண்ணிக்கை சற்று நன்றாக இருக்கட்டும்" என்று இரவு பத்து மணிக்குப் புலனத்தில் செய்தி அனுப்பினேன். அவர் மாற்றவில்லை. மறுநாளும் கேட்டேன். அதற்கடுத்த நாள், ஆசிரியர் அனைவரும் இருந்த புலனக் குழுவிலேயே அவருடைய கணக்கைச் சுட்டிக் குறை கூறினேன்.

அடுத்த மாற்றல் காலத்தில் அவருடைய விண்ணப்பம் வந்தது. காரணம் கேட்டேன். "ஐயா, எவ்வளவு வேலை கொடுத்தாலும் செய்வேன். இல்லாத பிள்ளைகளை இருப்பதாக எழுதச் சொன்னீர்கள். அன்றிலிருந்து உங்கள் செய்தி வந்தாலே என் நெஞ்சு படபடக்கிறது" என்றார்.

என் முதல் தலைமையாசிரியரின் முகம் கண்முன் தோன்றியது. அவர் என் பழியைத் தம் தோளில் ஏற்றார்; நானோ என் அச்சத்தை ஓர் இளம் ஆசிரியையின் தோளில் ஏற்றினேன். ஆசிரியர் கூட்டத்தில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அமைதியாக ஏற்றுக்கொண்டார். ஆயினும் மாற்றலாகிச் சென்றுவிட்டார். அவர் நடத்திய வகுப்புக்கு நிரந்தர ஆசிரியர் கிடைக்கப் பல மாதங்கள் ஆயின. அந்த இழப்பு என் கணக்கில் எழுதப்பட வேண்டியது.

அதன்பின் சில நெறிகளை வகுத்துக்கொண்டேன். உள்ள எண்ணிக்கையையே என் கையொப்பத்துடன் அனுப்புவேன். விளக்கம் கேட்டால் நானே சென்று பதில் சொல்வேன். மாலை ஆறு மணிக்குப்பின் பணிச் செய்தி அனுப்புவதில்லை. திருத்த வேண்டியதைத் தனியே திருத்துவேன். பாராட்ட வேண்டியதைச் சபையில் பாராட்டுவேன்.

வள்ளுவர் பொருட்பாலில் வெருவந்த செய்யாமையை 57ஆம் அதிகாரமாக அமைத்து, அதனை அடுத்துக் கண்ணோட்டத்தை வைத்தார். பிறர் அஞ்சும்படி நடவாதிருத்தல் முதற்படி. அவர்பால் இரக்கம் கொள்ளுதல் அடுத்த படி என்றே அவ்வரிசையை நான் பொருள் கொள்கிறேன். மன்னர்க்குச் சொல்லப்பட்டதாயினும், பத்து ஆசிரியர்களை வழிநடத்தும் சிறு பள்ளிக்கும் அது பொருந்தும்.

போகிறவர் எல்லாரும் நம்மால் போகிறார் என்று நான் கூறவில்லை. இவ்வாண்டு ஓர் ஆசிரியை கணவர் பணிபுரியும் மாநிலத்திற்கு மாற்றல் கேட்டிருக்கிறார், மனமுவந்து பரிந்துரைத்தேன். ஆயினும், ஒவ்வொரு விண்ணப்பத்திலும் கையொப்பமிடும் முன்னர், "இவர் பள்ளியை விட்டுப் போகிறாரா, என்னை விட்டுப் போகிறாரா?" என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். நாளை தலைமைப் பொறுப்பேற்கவிருக்கும் இளைய ஆசிரியர்களும் இக்கேள்வியை மறவாதிருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.