வில்லின் துள்ளலை அடக்குவது எது?

மோட்டார் வண்டியின் உறுப்புக்களுள் தன் பெயராலேயே எம்மை மயக்குவது ‘ஷொக் அப்சோபர்’ என்பதாகும். அதிர்ச்சியை ஏற்பது அதுவே என்று பலரும் எண்ணுவர். வகுப்பில் மாணவரைக் கேட்டாலும் அவ்விடையே வரும். உண்மையில், சில்லு கல்லிலோ பள்ளத்திலோ மோதும்போது அதிர்ச்சியை முதலில் ஏற்பது வில்லேயாம். ஆயின் வில்லுக்கு ஒரு குணம் உண்டு. வாங்கிய சத்தியை அது தன்னிடம் வைத்துக்கொள்ளாது; உடனே திருப்பிக் கொடுத்துவிடும். தனியே விட்டால் வண்டி ஊஞ்சல்போல மேலும் கீழும் ஆடிக்கொண்டே செல்லும். அந்த ஆட்டத்தை அடக்குவதே இக்கருவியின் தொழில்.

அடக்கும் வகை யாதெனின், எண்ணெய் நிறைந்த ஓர் உருளையினுள்ளே சிறு துளைகளையுடைய ஆடுதண்டு ஒன்று இருக்கின்றது. சில்லு எழுந்து தாழும்போது ஆடுதண்டும் நகரும். எண்ணெய் அத்துளைகளினூடாக நெருக்குண்டு செல்லவேண்டியதாகும். பீச்சாங்குழலை மெல்ல அழுத்தினால் நீர் எளிதில் வரும்; விரைந்து அழுத்தினால் கை நோகும். அதுபோலவே ஆட்டம் விரைவாகுந்தோறும் எண்ணெயின் தடையும் பெரிதாகும். வில்லின் சத்தி எண்ணெயில் வெப்பமாக மாறிக் காற்றிற் கலந்துவிடும். கரடுமுரடான பாதையில் ஓடிவந்த வண்டியில் இவ்வுருளை சூடேறியிருப்பது இதனாலேயே.

1908இல் வெளிவந்த போர்ட் ‘ரி’ மாதிரி வண்டியில் இக்கருவி இல்லை. 1927இன் இறுதியில் வந்த ‘ஏ’ மாதிரியில் எண்ணெயால் இயங்கும் கருவி இடம்பெற்றது. 1948இல் வெளிவந்து, எம்மவர் வீடுகளில் நெடுங்காலம் உறவினர்போல் இருந்த மொரிஸ் மைனரில் அது நெம்புகோல் பூட்டிய சிறு பெட்டியாக அமைந்தது. வடிவம் வேறாயினும் தத்துவம் ஒன்றே.

இஃது உடற்சுகத்துக்கு மட்டும் உரியதன்று. சில ஆண்டுகளுக்கு முன் நண்பரொருவரின் பழைய வண்டியிற் சென்றேன். அக்கருவிகளின் எண்ணெய் கசிந்துபோயிருந்தது. “முதுகு கொஞ்சம் நோகும், அவ்வளவுதானே! பொங்கல் கழியட்டும், மாற்றுவோம்” என்றார். குண்டும் குழியுமான ஒழுங்கையில், சைக்கிளில் ஒரு சிறுமி குறுக்கே வந்தாள். நண்பர் உடனே பிறேக்கை மிதித்தார். சில்லுகள் நிலத்தைப் பற்றாமல் துள்ளின. அவளுக்கு ஒரு முழம் இப்பால் வண்டி நின்றது. சிறுமி எம்மைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். நண்பரின் கை நெடுநேரம் நடுங்கிற்று.

பிறேக்கிற் பழுதில்லை. ஆயின் பிறேக் நிறுத்துவது சில்லை மட்டுமே. வண்டியை நிறுத்துவது ரயர் நிலத்தைப் பற்றும் பிடியாகும். நிலத்தை விட்டெழுந்த ரயர் எதனைப் பற்றும்?

மாணவர்களே, வீட்டில் வண்டி இருப்பின், அது நிற்கும்போது ஒரு மூலையை நன்கு அழுத்தி விட்டுப் பாருங்கள். ஒருமுறை எழுந்து அமைந்தால் நன்று. இரண்டு மூன்று முறை ஆடினாலோ, உருளையில் எண்ணெய்க் கசிவு தெரிந்தாலோ, தந்தையாரிடம் சொல்லுங்கள். பொங்கல்வரை பொறுக்க வேண்டாம்.