சொட்ட வேண்டிய தண்ணீர்

தடைக்காலத்தில் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகப் பக்கம் போனால் விசைப்படகுகளை முழு உருவத்தோடு பார்க்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்பதற்காக வந்த தடை. படகுகள் கரையேறுவது அப்போதுதான். அடியில் ஒட்டிய சிப்பியை ஒரு பக்கம் சுரண்டுகிறார்கள். ஓடாவிகள் பலகை மாற்றி, இடுக்குகளில் பஞ்சுத்திரியை அடித்து இறக்குகிறார்கள். புதுப் பெயிண்ட் வெயிலில் மணக்கிறது. இவையெல்லாம் தரையில் நின்றாலே தெரியும். நான் பார்க்க விரும்பிய வேலை, என்ஜினுக்குப் பின்னால், தவழ்ந்து மட்டுமே போகக்கூடிய ஓர் இருட்டுக்குள் நடக்கிறது.

இதே ஊரின் தோணிகள் ஒரு காலத்தில் பாய் விரித்தே கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போய்வந்தன. அவற்றைத் தள்ளிய காற்று பாய்மரத்தோடு நின்றுகொண்டது. அடிமரத்தில் ஒரு துளைகூட அதற்குத் தேவைப்படவில்லை. என்ஜின் வந்ததும் கதை மாறியது. உள்ளே சுழல்வதை வெளியே இருக்கும் புரொப்பெல்லருக்குக் கொண்டுபோக, நீர்மட்டத்துக்குக் கீழே, பின்பக்கம், படகைத் துளைத்தாக வேண்டும். துளை வழியே ஷாஃப்ட் போகிறது. அது சுழலவும் வேண்டும், கடல் உள்ளே வரவும் கூடாது. என்ஜின் வைத்த உல்லாசப் பாய்மரப் படகானாலும் நம் இழுவை மடிப் படகானாலும் இந்தச் சிக்கல் ஒன்றுதான்.

விசைப்படகுகளில் அதற்கு விடை, ஷாஃப்ட்டைச் சுற்றி இருக்கும் ஓர் உலோகக் கூடு. ஷாஃப்ட்டுக்கும் கூட்டுக்கும் நடுவே எண்ணெயும் மெழுகும் ஊறிய, சதுரமாகப் பின்னிய கயிற்றை வளையம் வளையமாக அடுக்கி, மேலே ஒரு மூடியை வைத்து இரண்டு நட்டுகளால் நெருக்குகிறார்கள். கிளாண்டு என்றால் இந்த மொத்த அமைப்பு. உள்ளே போவது ரோப்பு.

நான் போன படகின் மெக்கானிக் அறுபதை ஒட்டியவர். உடம்பை ஒருக்களித்து, ஒரு தோளை விலாப்பலகையில் முட்டுக்கொடுத்து, கையை மட்டும் உள்ளே விட்டு வேலை செய்கிறார். நுனியை முறுக்கிய ஒரு கம்பியைப் பழைய ரோப்பில் குத்தித் திருகி, இழுத்தார். முதல் இரண்டு வளையங்கள் எளிதாக வந்தன. அடியில் இருந்தவை கருகிக் கட்டியாகிவிட்டிருந்தன. பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, மேலேயே புது வளையம் இரண்டு போட்டு மூடிவிடுவார்களாம். அவர் நிறுத்தவில்லை. கடைசித் துணுக்கு வரும்வரை கிண்டினார், பிறகு விரலை விட்டு ஷாஃப்ட்டைத் தடவினார். கண்ணுக்கு எட்டாத இடத்தில் விரல்தான் கண்.

"இங்கன தொட்டுப் பாருங்க. நகம் எங்கயாச்சும் மாட்டுதா?"

மாட்டியது. ரோப்பு உரசி உரசி ஷாஃப்ட்டைச் சுற்றி மெல்லிய பள்ளம் விழுந்திருந்தது.

"நட்ட ஓவரா முறுக்கியிருக்கான். சொட்டுதேன்னு பயந்து முறுக்குறது. சொட்டலன்னாதான் பயப்படணும், பாத்துக்கிடுங்க."

நான் கேட்க வந்தது இதைத்தான். ஷாஃப்ட்டின் விட்டம் மூன்று அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 600 சுற்று ஓடினால், அதன் பரப்பு நிமிடத்துக்கு 140 மீட்டருக்கு மேல் அந்தக் கயிற்றில் உரசியபடி ஓடுகிறது. அதில் எழும் சூட்டை எடுத்துச் செல்லவும், உரசலுக்கு வழுக்கல் தரவும் அங்கே இருப்பது முக்கியமாகக் கடல்நீர்தான். அதனால் ஓடும்போது நிமிடத்துக்குச் சில சொட்டுகள் விழ வேண்டும். பத்துச் சொட்டு என்றாலும், நாள் முழுக்க ஓடினால் சேர்வது முக்கால் லிட்டர் அளவுதான். படகின் அடியில் சேரும் நீரை இறைக்கும் பம்ப் அதைக் கவனிக்கக்கூடச் செய்யாது. முழுக்க அடைக்க நினைத்து முறுக்கினால் மெழுகு உருகி வெளியேறும், கயிறு கருகும், கருகிய கயிறு அரம் போல ஷாஃப்ட்டை அறுக்கும். பள்ளம் விழுந்த பிறகு எத்தனை புது ரோப்பு போட்டாலும் தண்ணீர் அந்தப் பள்ளத்தின் வழியே வரும். அப்புறம் ஷாஃப்ட்டைக் கழற்றி லேத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஷாஃப்ட்டை என்ஜின் பக்கத்தோடு இணைக்கும் கப்ளிங்கின் போல்ட்டுகள் அறுந்து அந்த ஷாஃப்ட்டே பின்னால் நழுவி வெளியேறிவிட்டால், ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கும் மூன்று அங்குலத் துளை வழியே நிமிடத்துக்கு 700 லிட்டர் அளவுக்குக் கடல் உள்ளே வரும். முக்கால் லிட்டருக்கும் இதற்கும் நடுவேதான் இவர்கள் பிழைப்பு.

புது ரோப்பை அவர் வெட்டிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. அளவு நாடா கிடையாது. ஷாஃப்ட்டின் சுத்தமான பகுதியில் கயிற்றைச் சுற்றி, இரு முனையும் சேரும் இடத்தில் கத்தியைச் சாய்த்து ஒரே வெட்டு. நேராக வெட்டினால் முனைகளுக்கு நடுவே நேர் வழி கிடைத்துவிடும். சாய்வாக வெட்டினால் ஒன்றன்மேல் ஒன்று படியும். முதல் வளையத்தின் இணைப்பு மேலே இருந்தால் அடுத்ததன் இணைப்பு பக்கவாட்டில், அதற்கடுத்தது கீழே. ஒவ்வொன்றையும் தனியே தட்டி உட்கார வைத்தார். "மொத்தமா திணிச்சா மேல உள்ளது மட்டுந்தான் இறுகும், தம்பி," என்று பக்கத்தில் விளக்குப் பிடித்திருந்த பையனிடம் சொன்னார். கடைசியில் நட்டுகளைக் கையாலேயே திருகி விட்டுவிட்டார். ஸ்பானருக்கு வேலை படகு தண்ணீரில் இறங்கிய பிறகுதான்.

பெட்டியில் கிராஃபைட் கலந்த கறுப்பு ரோப்பும் ஒரு சுருள் கிடந்தது. வழுக்கல் நன்றாக இருக்கும், சூடும் தாங்கும் என்று கடையில் தருகிறார்கள். அவர் தொடுவதில்லை. அது போட்ட ஷாஃப்ட்டுகளில் பொத்தல் பொத்தலாக விழுந்ததைப் பார்த்திருக்கிறாராம். அவர் கண்டது சரி. உப்புநீரில் கிராஃபைட்டும் எஃகும் தொட்டுக்கொண்டிருந்தால் இரண்டுக்கும் இடையே மின்னோட்டம் உண்டாகி, தேய்வது எஃகாகவே இருக்கும். சாதாரண ரோப்பிலும் வேறு வகை ஆபத்து உண்டு. துருப்பிடிக்காத எஃகு தன் மேல் உள்ள மெல்லிய படலத்தால்தான் துருவைத் தவிர்க்கிறது. அந்தப் படலத்துக்கு ஆக்சிஜன் வேண்டும். படகு ஓடாமல் கிடக்கும்போது ரோப்புக்கு அடியில் தேங்கிய நீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது, எஃகு குழி விழத் தொடங்குகிறது. இரண்டு மாத ஓய்வு மீனுக்கு நல்லது, ஈர ரோப்புக்குள் சிக்கிய ஷாஃப்ட்டுக்கு அல்ல. கரையேற்றிய அன்றே பழைய ரோப்பைப் பிடுங்கிவிட வேண்டும் என்று அவர் ஓனர்களிடம் வற்புறுத்துவது இதனால்தான். கேட்பவர்கள் குறைவு.

வெளிநாட்டுப் பாய்மரப் படகுகளில் பரவியிருக்கும் சொட்டாத சீல்களைப் பற்றிக் கேட்டேன். அவற்றில் ஒரு வகையில், ரப்பர் மடிப்புக்குழல் ஒரு கார்பன் வளையத்தை, ஷாஃப்ட்டோடு சுழலும் எஃகுத் தட்டின்மேல் அழுத்திக்கொண்டே இருக்கும். இன்னொன்று வோல்வோ பென்டாவின் ரப்பர் சீல். படகை நீரில் இறக்கியதும் விரலால் அமுக்கி உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும், அவ்வப்போது கிரீஸ் ஏற்ற வேண்டும், சில ஆண்டுகளில் சீலையே மாற்ற வேண்டும். உள்ளே ஒரு துளியும் விழாது.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "ரப்பர் கிழிஞ்சா நடுக்கடல்ல என்ன செய்ய?"

என்னிடம் பதில் இல்லை, இருக்கவும் தேவையில்லை. ரோப்பு மெதுவாகத்தான் கெடும். சொட்டு அதிகமாகி ஒழுக்காகும், டிரைவர் பார்ப்பார், நட்டில் கால் சுற்று கொடுத்துக் கரைக்கு வந்துவிடுவார். ரப்பர் குழல் ஒருநாள் சட்டென்று பிய்த்துக்கொள்ளலாம். வாரக் கடைசியில் மட்டும் ஓடி, ஆண்டுதோறும் முறையாகப் பார்க்கப்படும் படகுக்குச் சொட்டாத சீல் நல்ல பொருள்தான். கிழிந்த வலையும் நைலான் நூலும் புரொப்பெல்லரில் சுற்றிக்கொள்ளும் மீன்பிடிப் படகுக்கு நான் ரோப்பையே சொல்வேன்.

இந்த வேலைக்குப் படிப்பு இல்லாமல் இல்லை. மத்திய அரசின் மீன்வளப் பயிற்சி நிறுவனமான சிஃப்நெட் கொச்சியிலும் சென்னையிலும் விசாகப்பட்டினத்திலும் இருக்கிறது. மரைன் ஃபிட்டர் பயிற்சி தருகிறது. ஆனால் விளக்குப் பிடித்த அந்தப் பையனைப் போன்றவர்கள் அங்கே போவதில்லை, கையைப் பார்த்தே கற்கிறார்கள். கூலி படகுக்கு இவ்வளவு என்று பேச்சு. தடைக்காலம் முடிந்தால் வேலை பாதியாகக் குறையும். தடைக்காலத்தில் மீன்வளத் துறையினர் வந்து படகின் பதிவெண்ணையும் உரிமத்தையும் என்ஜினையும் சரிபார்க்கிறார்கள். அந்தக் குழுவில் இவரைப் போன்ற ஒருவரையும் சம்பளத்துக்குச் சேர்த்து, ஒவ்வொரு ஷாஃப்ட்டையும் விரலால் தடவிப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

படகு இறங்கியபோது மறுபடி போயிருந்தேன். மரப்படகு தண்ணீரில் மிதக்கத் தொடங்கியதும் கொஞ்சம் உருவம் மாறும் என்பதால், தரையில் சரிபார்த்த கப்ளிங்கை, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் செருகி நாலு பக்கமும் திரும்ப அளந்தார். ஒரு பக்கம் இடைவெளி கூடியிருந்தது. என்ஜின் காலுக்கு அடியில் மெல்லிய தகடு ஒன்றை வைத்துச் சரிசெய்தார். இது பிசகினால் ஷாஃப்ட் ஆடும், ஆடினால் எந்த ரோப்பும் நிற்காது. பிறகு கியர் போட்டு ஓடவிட்டு, கூட்டின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கை பொறுக்கும் சூடுதான். ஒழுக்காக வந்ததைச் சொட்டாக்க, இரண்டு நட்டுகளுக்கும் மாறி மாறி, ஒரு முகம் அளவுக்கு மட்டும் ஸ்பானரைத் திருப்பினார். ஒவ்வொரு திருப்புக்கும் இடையே பத்து நிமிடம் காத்திருப்பு. டிரைவரிடம் அவர் சொன்னவை மூன்று: புது ரோப்பு படியும், அதனால் முதல் வாரம் தினமும் பார்க்கணும். ஸ்பானர் கிளாண்டு பக்கத்திலேயே தொங்கணும். துறைமுகத்துக்குள்ள சும்மா கிடந்தாலும் ரெண்டு நாளைக்கு ஒரு தரம் ஷாஃப்ட்டைச் சுத்தி விடணும்.