சவுத் பிரிட்ஜ் சாலையில் ஒரு கட்டுமலை

சுவாமிமலையில் மலை கிடையாது. எங்கே தோண்டினாலும் காவிரி வண்டல்தான். முருகன் குன்றில்தான் இருக்க வேண்டும் என்று எங்கள் முன்னோர் கல்லைக் கொண்டுவந்து அடுக்கி, ஒரு குன்றைக் கட்டியே எழுப்பிவிட்டார்கள். கட்டுமலை என்போம். ஏறுவதற்கு 60 படிகள். பிரபவ, விபவ என்று படிக்கொரு தமிழ் வருஷத்தின் பெயர். சிறுவயதில் அவரவர் பிறந்த வருஷத்துப் படியைத் தேடிப் பிடித்து உட்காருவோம். என்னுடையது ஆனந்த.

1998-ல் சிங்கப்பூருக்கு வந்தேன், கட்டடத் தளத்தில் மேற்பார்வை வேலை. முதல் ஞாயிற்றுக்கிழமை அறைத்தோழர் சைனாடவுனுக்குக் கூட்டிப்போனார். சீன மருந்துக்கடைகளின் வாசனையோடு நடந்து சவுத் பிரிட்ஜ் சாலையில் திரும்பினால், எதிரே மாரியம்மன் கோயில் கோபுரம். ஊரில் இருந்தவரை எந்தக் கோபுரத்தையும் நின்று பார்த்த நினைவு எனக்கில்லை. அன்று பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி ஒவ்வொரு சுதைச் சிற்பமாகப் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது.

பிறகுதான் அந்தக் கோயிலை எழுப்பிய நாராயண பிள்ளையைப் பற்றிப் படித்தேன். 1819-ல் பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் இரண்டாம் முறை இங்கே வந்தபோது பினாங்கிலிருந்து உடன் வந்தவர். வீடு கட்ட ஆட்கள் வருவதைப் பார்த்துச் செங்கல் சூளை போட்டார். கோயிலுக்கென்று முதலில் தெலுக் ஆயர் தெருவில் இடம் கிடைத்தது; அங்கே பூசைக்கு நல்ல தண்ணீர் இல்லை. அடுத்து ஸ்டாம்ஃபர்ட் கால்வாய் அருகே. அது புதிய நகரத் திட்டத்தோடு ஒத்துவரவில்லை. 1823-ல் இந்த இடம் வந்தது. 1827-ல் மரமும் அத்தாப்பு ஓலையும் கொண்டு கோயில் எழுப்பிச் சின்ன அம்மனைப் பிரதிஷ்டை செய்தார். சூளை வைத்திருந்தவரே ஓலைக் கூரையில் தொடங்கியிருக்கிறார். வசதி வரட்டும், பிறகு அம்மனை வைக்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. அந்த அவசரம் எனக்குப் புரிகிறது.

இன்றுள்ள செங்கல் கட்டடத்தின் மிகப் பழைய பகுதி 1843-ஐச் சேர்ந்தது. 1903-ல் ஒரு கோபுரம் எழுந்தது. அதில் சிற்பங்கள் குறைவு. நாம் இப்போது பார்ப்பது 1925-ல் கட்டியது. பக்கத்துத் தெருவுக்குப் பகோடா தெரு என்று பெயர் வந்ததே கோயில் கோபுரத்தால்தான். சற்றுத் தள்ளி, அதே சாலையில், தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய ஜாமியா சூலியா பள்ளிவாசல். 1973-ல் கோயிலைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள்.

ஆனால் என்னைத் தொடுவது வேறு. அந்தக் காலத்தில் கப்பலில் வந்து இறங்கியவர்கள் வேலையும் தங்க இடமும் கிடைக்கும்வரை இந்தக் கோயிலில்தான் தங்கினார்கள். இந்துத் திருமணங்களை நடத்திப் பதிவு செய்யும் உரிமையும் ஒரு காலத்தில் இதற்கு இருந்தது. ஊர் பேர் தெரியாதவனுக்கு ஒரு முகவரி கொடுத்த வாசல் இது.

2023 பிப்ரவரியில் குடமுழுக்கு. அதற்கு முந்தைய மாதங்களில் கோபுரத்தைச் சாரம் மூடியிருந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்த சிற்பிகள் விரிசல் விட்ட சுதையைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் ஸ்தபதிகள் ஓலை நறுக்கை மடித்து அளவெடுத்து மெழுகில் உருவம் பிடிப்பார்கள்; அதன்மேல் காவிரி வண்டலை அப்பிக் காயவைத்து, மெழுகை உருக்கி வடித்துவிட்டுப் பஞ்சலோகம் ஊற்றுவார்கள். ஆறியதும் மண் அச்சை உடைத்தால்தான் சாமி வெளியே வரும். ஒரு அச்சில் ஒரே சிலைதான். இங்கேயோ அதே முகத்தைக் குடமுழுக்குக்குக் குடமுழுக்கு விரல்களால் மீண்டும் வனைகிறார்கள்.

தேநீர் குடிக்க இறங்கிய ஒரு தம்பியிடம் எந்த ஊர் என்று கேட்டேன்.

"திருவலஞ்சுழிண்ணே."

எங்கள் பக்கத்து ஊர். எனக்குப் பேச்சு வர ஒரு நிமிஷம் ஆயிற்று.

"ஊருக்குப் போனதும் மலைக்குப் போவியா தம்பி?"

"போகாமலா? வேலை முடிஞ்சு போனா முதல்ல சாமிநாதனைத்தான் பார்க்கணும்."

"ஆனந்த வருஷத்துப் படியில எனக்காகக் கொஞ்சம் உட்காரு."

சுண்ணாம்பு அப்பிய விரல்களை மடக்கி எண்ணத் தொடங்கினான். சாரத்துக்கு மேலிருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். எண்ணிக்கொண்டே ஏறியவன் பாதி உயரத்தில் நின்று திரும்பினான்.

"நாற்பத்தெட்டுதானேண்ணே?"