கையெழுத்துக்குக் காத்த காலை

ஒரு விடுமுறையில் விழிஞ்ஞத்தில் என் தங்கையின் இல்லத்தில் சில நாட்கள் தங்கியிருந்தேன். ஆய் மன்னர்களின் பழம்பெரும் துறைமுகம் அது. 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட புதிய துறைமுகம் இன்று அதன் பெயரை உலகெங்கும் கொண்டு செல்கிறது. என் கண்களோ பழைய மீன்பிடித் துறையை விட்டு அகலவில்லை. படகு எஞ்சினைப் பிரித்துச் சாக்கின்மேல் பரப்பிவைத்து ஒருவர் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். நின்று பார்த்தேன்.

“இதையே இவ்வளவு நேரம் பார்க்கிறீர்களே மாமா, நாளை எங்கள் கூடத்துக்கு வாருங்கள்” என்றான் தங்கை மகன். திருவனந்தபுரம் விமான நிலையத்தில், விமானிகளைப் பயிற்றும் பள்ளியொன்றில் அவன் பராமரிப்புப் பொறியாளன்.

மறுநாள் அனுமதிச் சீட்டுடன் உள்ளே சென்றேன். 1932இல் கோதவர்ம ராஜாவின் முயற்சியால் ஒரு பறத்தல் சங்கமாகத் தொடங்கிய நிலையம் அது. 1935இல் டாட்டாவின் சிறுவிமானம் பம்பாயிலிருந்து முதன்முதலாக அங்கு வந்து இறங்கியது. வானத்தை நேசித்த அந்த ராஜா 1971இல் குலு பள்ளத்தாக்கில் விமான விபத்திலேயே மறைந்தார் என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

கூடத்தில் நான்கு இருக்கைகள் கொண்ட செஸ்னா ஒன்று மூக்குத் திறந்து நின்றது. சிறிய விமானம், அவ்வளவுதான்! இறக்கையின் அடியிலிருந்து கண்ணாடிக் குவளையில் சிறிது பெட்ரோல் பிடித்து வெளிச்சத்தில் காட்டினான். இளநீல நிறம். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியே தங்கிவிடுமாம். கடற்காற்றின் உப்பு அலுமினியத்தை அரிப்பதால் அடிக்கடி கழுவித் துடைக்கவேண்டும் என்றான். படகுத்துறையில் கேட்ட அதே பேச்சு!

பிறகு வெளியே நிறுத்தி எஞ்சினை ஓட்டினான். எஞ்சினுக்குப் பொறி கொடுக்க இரண்டு மேக்னெட்டோக்கள் உண்டு. ஒன்றை அணைத்தால் சுழற்சி சிறிது குறையலாம். கையேட்டில் குறித்த அளவுக்கு மேல் குறையலாகாது. அன்று குறைந்தது.

“ஒன்று நின்றாலும் மற்றொன்று இருக்கிறதே?” என்றேன்.

“அந்த மற்றொன்றும் நின்றால், மாமா? நான் கையெழுத்திட்டால்தான் இது பறக்கும். இட மாட்டேன்.”

நான் வாயடைத்து நின்றேன். 1994இல் தந்தையார் மறைந்த செய்தி கேட்டு வளைகுடாவிலிருந்து புறப்பட்டேன். பழுதென்று விமானம் பதினொரு மணி நேரம் தாமதித்தது. நாகர்கோவில் வந்து சேர்ந்தபோது சிதையின் சாம்பலைத்தான் கண்டேன். முகம் அறியாத அந்த மெக்கானிக்கை எத்தனை ஆண்டுகள் மனத்துக்குள் ஏசியிருப்பேன்! அவனும் இப்படியொரு பிள்ளையாகத்தான் இருந்திருப்பானோ? தந்தையின் முகத்தைக் காணாத ஆற்றாமை இன்றும் தீரவில்லை. ஏசுவதற்குத்தான் ஆளில்லாமல் போயிற்று. இதை அவனிடம் நான் சொல்லவில்லை.

அவன் பொறிச்செருகிகளைக் கழற்றத் தொடங்கினான். நான்கு சிலிண்டர்களுக்கு எட்டு. ஒன்றின் நுனியில் கரி படிந்திருந்தது. பறக்க வந்திருந்த மாணவி முகம் சுளிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு துணியை எடுத்து முன்கண்ணாடியைத் துடைக்கலானாள்.